ஆலப்புழைக்கும் கொச்சிக்கும் மூன்று நாள்

ஆலப்புழையையும் கொச்சியையும் பார்த்துவிட்டு வர மூன்று நாள் தாராளம். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். எங்கள் பக்கத்து ஜனங்கள் முதலில் கொச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஆலப்புழையில் இறங்குவார்கள். அது சரிப்படாது. கொச்சியின் சந்தடியைப் பார்த்த கண்ணுக்கு ஆலப்புழை சப்பென்று இருக்கும். முதலில் ஆலப்புழை, மறுநாள் கொச்சி என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே மனதில் நிற்கும். தை மாதம் உத்தமம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஐயப்பன் கோயில் கூட்டமும் வடிந்துவிடுவதால் குமுளி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.

இதைப் பத்தொன்பது வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத்தும், அதை ஒட்டி டூர் ஏற்பாடு செய்யும் மேஜையுமாக என் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஸ்டேஷன் ஆட்களின் குடும்பங்களையே இரண்டு முறை வேன் பிடித்து வேளாங்கண்ணிக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஐயா, நீங்கள் தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எனக்கு எழுதிப் பழக்கமானது பயணத் திட்டம் மட்டுமே. எத்தனை மணிக்கு ஏறுவது, எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை. அந்தப் போக்கில் எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் சுருளிவேல். வயது ஐம்பத்திரண்டு. ஊர் ஓடைப்பட்டி. அப்பா மலைச்சாமி, இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். அம்மா சோணையம்மாள். எனக்கு ஒரே அண்ணன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அமாவாசையன்று பிறந்ததால் அம்மாவாசி என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு உடம்பு வளர்ந்தது, புத்தி ஐந்து வயதோடு நின்றுவிட்டது. மற்றபடி ஒரு குறையும் கிடையாது. திராட்சைப் பெட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் வைத்தாலும் கழுத்து ஆடாமல் ரோடு வரைக்கும் கொண்டுவந்துவிடுவார். கோபம் என்றால் என்னவென்று தெரியாது. யார் எதைச் சொன்னாலும் சரி என்பார். நான் சொன்னால் இரண்டு தடவை சரி என்பார்.

அவர் எங்காவது வழிதவறிப் போய்விடுவாரோ என்று அப்பாவுக்கு எப்போதும் பயம். அதனால் அவருக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். தோட்டத்து வேலை முடிந்து வந்து, கால்கூடக் கழுவாமல் அண்ணனை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பார். "ஓடைப்பட்டி. கிழக்குத் தெரு. மலைச்சாமி மகன் அம்மாவாசி." ஒன்றரை வருஷம் ஆயிற்றாம், அது அவர் வாயில் வழுக்காமல் வர. வந்த பிறகு நிற்கவில்லை. கண்டக்டரிடம் சொல்வார், கோயில் பூசாரியிடம் சொல்வார், திராட்சை வாங்க வந்த கேரளத்து வியாபாரியிடம் சொல்வார். ஒருமுறை வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் எங்கள் கையை விட்டுவிட்டார். நாங்கள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், எங்களுக்கு முன்னால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் ஊர் பெயரைக் கேட்டு, பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருக்கிறார்.

அப்பா தொண்ணூற்றொன்றில் இறந்தார். அம்மா இரண்டாயிரத்தொன்றில். அதன் பிறகு அண்ணன் எங்களோடு. எங்களோடு என்றால் நான், என் மனைவி ஜக்கம்மா, எங்கள் மகள் பாண்டீஸ்வரி. அவருக்குத் துணி துவைப்பது, நேரத்துக்குச் சோறு போடுவது, எங்கும் போய்விடாமல் பார்ப்பது எல்லாம் ஜக்கம்மா தலையில்தான் விழுந்தது.

காரணத்தைக் கேட்பீர்கள். சொல்கிறேன்.

பாண்டீஸ்வரிக்கு இருபத்திரண்டு வயதானபோது போடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பஞ்சாயத்து யூனியனில் கிளார்க். அண்ணனைத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்திருந்தேன். ஆனால் வாசலில் கார் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். சேற்றுக் காலோடு வந்து நடு வீட்டில் நின்று, மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, "ஓடைப்பட்டி. கிழக்குத் தெரு. மலைச்சாமி மகன் அம்மாவாசி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் தரகர் வந்து சொன்னார், "பொண்ணு புடிச்சிருக்குன்னுதான் சொன்னாக. ஆனா நாளைக்குப் பேரப்பிள்ளை எப்பிடிப் பொறக்குமோன்னு யோசிக்காக." அடுத்து ஆண்டிபட்டி இடம். அதுவும் அப்படியே.

பாண்டீஸ்வரி அழவில்லை. என்னிடம் வந்து, "பெரியப்பாவை ஒண்ணும் சொல்லிராதீகப்பா. அவுகளுக்கு என்ன தெரியும்" என்றாள். அன்றைக்கு அண்ணனுக்கு அவள்தான் சோறு போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் முடிவு செய்தேன்.

மதுரையில் ஒரு காப்பகத்துக்குப் போய் விசாரித்தேன். இடம் இருந்தது. ஆனால் காப்பகத்தில் வைத்தால், வைத்திருக்கிறோம் என்ற பேச்சு இருந்துகொண்டேயிருக்கும். பெண் கேட்டு வருகிறவர்கள் அதையும் விசாரிப்பார்கள். காணாமல் போனவரைப் பற்றி யாரும் அப்படி விசாரிப்பதில்லை. ஐயோ பாவம் என்று அந்த வீட்டின்மேல் ஒரு இரக்கம்தான் வரும். தோட்டத்தில் அறுபதடிக் கிணறு இருக்கிறது, அதைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த மாதிரி ஆள் இல்லை நான்.

கேரளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே ஆதரவில்லாதவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். பட்டினி போட மாட்டார்கள். எஸ்டேட் வேலைக்கு ஜீப்பில் போய்வருகிற நம் ஜனங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு ஊர் போதாது, இரண்டு ஊர் வேண்டும் என்பது எனக்கு முதலிலேயே பட்டது. ஓர் ஊரில் விடுவது, பக்கத்து ஊரில் புகார் கொடுப்பது. ஒரே ஊராக இருந்தால் போலீஸ்காரர்கள் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெகுதூரத்து ஊர்களாக இருந்தால் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. ஆலப்புழையும் கொச்சியும் அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தன. ஜில்லா வேறு, ஸ்டேஷன் வேறு, பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று.

மார்கழியில் நான் மட்டும் ஒருமுறை போய்வந்தேன். ஆளை அனுப்புகிறவன் ஊரை முதலில் தான் பார்க்க வேண்டும், அது என் தொழில் வழக்கம். கொச்சியில், எர்ணாகுளம் படகுத்துறையில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஜனநடமாட்டம் எப்படி, டீக்கடை எத்தனை அடியில், கக்கூஸ் எங்கே என்று பார்த்தேன். நாலைந்து சிமெண்டுப் பெஞ்சுகள் இருந்தன. அதில் ஒன்றின்மேல் வாகைமர நிழல் மாலை ஐந்து வரைக்கும் விழுந்தது. அந்தப் பெஞ்சைக் குறித்துக்கொண்டேன். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

ஒரே இடைஞ்சல், அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். யார் கேட்டாலும் இரண்டு நிமிஷத்தில் ஓடைப்பட்டி என்று சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

கார்த்திகைக் கடைசியில் ஆரம்பித்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். தினமும் கடைக்குப் போகும் முன் அவரை மாட்டுக்கொட்டத்துப் பக்கம் கூட்டிப்போய் உட்காரவைப்பேன். கையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்வேன்.

"அண்ணே, நாம கடல் பாக்கப் போறோம்."

"போவோம், போவோம்."

"கடலுக்குப் போறவுக ஊரு பேரைச் சொல்லக் கூடாதுண்ணே. சொன்னா கடலுக்குக் கோவம் வந்துரும். தண்ணி உள்ள போயிரும்."

"அய்யய்யோ" என்றார். முகம் சுருங்கிவிட்டது.

"அதனால, உன் ஊரு எதுன்னு கேட்டா, கடல்னு சொல்லணும். பேரு என்னன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லணும். எங்க சொல்லு. உன் ஊரு எது?"

"ஓடைப்பட்டி. கிழக்குத் தெரு. மலைச்சாமி மகன் அம்மாவாசி."

அன்றைக்கு மிட்டாய் கிடையாது. அதற்கடுத்த பத்து நாளும் கிடையாது. பன்னிரண்டாம் நாள்தான் "கடல்" என்றார். கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் கேட்பார். சரி என்று தலையாட்டினால் போதும், மிட்டாய்கூட வேண்டாம். பொங்கலுக்குள் முக்கால்வாசி பழகிவிட்டது.

தையில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன் கொட்டத்தில் முணுமுணுப்புக் கேட்டு எட்டிப்பார்த்தேன். பசுமாட்டின் காதைப் பிடித்துக்கொண்டு அதற்குள் ரகசியமாக, "ஓடைப்பட்டி. கிழக்குத் தெரு. மலைச்சாமி மகன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடின மாதிரி கையை எடுத்துவிட்டார். "மாட்டுக்கிட்டதான் சொன்னேன் தம்பி. கடலுக்குக் கேக்காது" என்றார். நான் கோபப்படவில்லை. மாடும் சொல்லிவிடும் என்று சொன்னேன். அதோடு நின்றுபோயிற்று.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சட்டைகள் எல்லாம் சின்னமனூர்த் தையல்காரர் தைத்தவை. காலருக்குள் கடைப்பேரும் ஊர்ப்பேரும் போட்ட துணி இருக்கும். தேனிக்குப் போய் ரெடிமேடாக இரண்டு சட்டை வாங்கினேன். புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப்போய் எள்விளக்குப் போட்டு, அண்ணனுக்கு மொட்டையும் போட்டு மீசையையும் வழித்தேன். கோயிலில் பார்த்தவர்கள், இந்தக் காலத்தில் இப்படியொரு தம்பியா என்றார்கள். போலீஸில் கொடுக்க வைத்திருந்த போட்டோவில் அவருக்கு அடர்த்தியான தலைமுடியும் மீசையும் இருந்தது.

தை இருபது, திங்கட்கிழமை. விடிந்ததும் புறப்பட்டோம். ஜக்கம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கட்டியிருந்தது ஒரு வேளைக்கு மட்டும். மூன்று நாள் பயணத்துக்கு அவள் எப்போதும் முறுக்கும் அதிரசமும் தனியாக வைப்பாள். அதைப் பற்றி நானும் கேட்கவில்லை. பாண்டீஸ்வரி பெரியப்பாவின் மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிவிட்டு, "கடலை எனக்கும் கொஞ்சம் கொண்டாங்க பெரியப்பா" என்றாள். அவர் "சரி, சரி" என்றார்.

குமுளியில் மாறி, கோட்டயம் போய், அங்கிருந்து படகில் ஆலப்புழை. பஸ்ஸில் போவதைவிட இது நேரம் பிடிக்கும். ஆனால் அவருக்குப் படகு பிடிக்கும் என்று நினைத்தேன். பிடித்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரையில் தெரிந்த ஒவ்வொரு ஆளுக்கும் கும்பிடு போட்டார்.

லாட்ஜில் இரண்டு நாளைக்கு அறை எடுத்தேன். மறுநாள் காலையில் கடற்கரை. முதன்முதலில் கடலைப் பார்க்கிறவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஓடுவார்கள், கத்துவார்கள். அண்ணன் அப்படியே நின்றார். வெகுநேரம் கழித்து, "யாருலே தம்பி இம்புட்டுத் தண்ணி பாச்சுனது?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே."

"மோட்டாரை அமத்த மறந்துட்டாக போல" என்று கவலையோடு சொன்னார். மோட்டார் எங்கே இருக்கிறது என்று மணலில் கொஞ்ச தூரம் தேடிக்கொண்டு போனார். அப்பாவின் தோட்டத்தில் மோட்டாரை நிறுத்துவது அவருடைய வேலை. பாத்தி நிறைந்ததும் ஓடிப்போய் நிறுத்துவார். ஒரு நாளும் தவறியதில்லை.

பக்கத்தில் சுண்டல் விற்றவன் மலையாளத்தில், எந்த ஊர் என்று அவரைக் கேட்டான். அவர் என் முகத்தைப் பார்த்தார். "கடல்" என்றார். அவன் சிரித்துவிட்டுப் போனான். "சரியாச் சொன்னேனா?" என்றார். தலையாட்டினேன்.

பத்து மணிக்கு எர்ணாகுளம் பஸ். அங்கே படகில் அக்கரைக்குப் போய், மீன் பிடிக்கும் பெரிய சீன வலைகளைப் பார்த்தோம். வலை மேலே எழும்பும்போதெல்லாம் அவர் கை தட்டினார். மீன் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். முள்ளெடுத்துக் கொடுத்தேன். அவருக்கு இன்னொரு தடவை சோறு வேண்டியிருந்தது, வாங்கினேன். நான் ஏற்பாடு செய்த பயணங்களில் குறை ஒன்றுமில்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

இரண்டரை மணிக்கு இக்கரைக்குத் திரும்பினோம். அந்தப் பெஞ்சு காலியாக இருந்தது. நிழலும் இருந்தது.

"இங்கன உக்காருண்ணே. நான் போய் டிக்கெட் எடுத்துட்டு வாரேன். நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"சரி, சரி."

தண்ணீர் பாட்டிலையும் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவலையும் மடியில் வைத்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து முதல் வில்லையை எனக்குக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். பிறகு நடந்தேன்.

ஐந்து மணிக்கு ஆலப்புழையில் இருந்தேன். பொழுது சாய்ந்து கடற்கரையில் கூட்டம் சேரும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய், அண்ணனைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டேன் என்று புகார் கொடுத்தேன். அவர்களைக் குறை சொல்லவே முடியாது. உடனே இரண்டு பேரை அனுப்பினார்கள். படகுக்காரர்களைக் கூப்பிட்டுத் தண்ணீருக்குள்ளும் பார்த்தார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். "யாராவது கேட்டா என்ன சொல்லுவார்?" என்று ஏட்டு கேட்டார். "ஊரு பேரைத் தெளிவாச் சொல்லுவாருங்க. ஓடைப்பட்டின்னு சொல்லுவாரு" என்றேன். அதையே எழுதிக்கொண்டார்கள். ஓடைப்பட்டி என்று சொல்கிற, அடர்ந்த தலைமுடியும் மீசையும் உள்ள ஒருவரை அவர்கள் ரொம்ப நாள் தேடினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். ஊரே வாசலில் கூடியது. எல்லோரும் போன பிறகு ஜக்கம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கடைசியா பெரியவுக சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டாரு. மீன் சாப்பாடு. ரெண்டு தடவை சோறு வாங்குனாரு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அவள் சாகும் வரைக்கும் எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. பாண்டீஸ்வரிதான் நாலைந்து மாதம் எந்த போன் வந்தாலும் ஓடிவந்து எடுத்தாள்.

அந்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. உத்தமபாளையத்து மாப்பிள்ளை, திருப்பூரில் வேலை. பெரியப்பா கடலோடு போய்விட்டார் என்று கேட்டு மாப்பிள்ளை வீட்டார் கண் கலங்கினார்கள். மறுவருஷம் ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போய் அண்ணன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். ஐயர் பெயர் கேட்டபோது எனக்கு நாக்குக் குழறியது. வேறொன்றுமில்லை. வருஷா வருஷம் இறைத்தேன். செத்துப்போனவர் என்றால் அவர் பசியோடு இருக்க மாட்டார் அல்லவா. அந்தக் கணக்கில் இறைத்தேன் என்று நினைக்கிறேன்.

போன மாதம் பூத்துக்கு போன் வந்தது. எர்ணாகுளத்துக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் ஒரு தமிழர் ஏழு வருஷமாக இருக்கிறாராம். பழைய புகார்களைப் புரட்டிய ஆலப்புழை ஏட்டு ஒருவருக்கு மூக்கும் நெற்றியும் ஒத்துவருகிற மாதிரிப் பட்டிருக்கிறது. வந்து அடையாளம் சொல்லுங்கள் என்றார். உங்களுக்கும் தகவல் வந்தது. நீங்கள்தான் கடைக்கு ஆளனுப்பி, "கும்பிட்ட சாமி கைவிடலப்பா, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டீர்கள்.

போனேன். வயதான ஒரு சிஸ்டர் வராந்தாவில் நடந்துகொண்டே எனக்குச் சொன்னார். அவரைப் படகுத்துறையில் கண்டெடுத்தார்களாம். இரண்டு நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். எழுப்பினால் எழவில்லை, டிக்கெட் வரட்டும் என்றாராம். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் ஆகி, காய்ச்சல் கண்டு, நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்ததாம். ஊர் எது என்று கேட்டால் கடல் என்பாராம். பெயர் தெரியாதாம். அதனால் அங்கே அவருக்குக் கடல் சேட்டன், அதாவது கடல் அண்ணன் என்று பெயர்.

"முதல் வருஷமெல்லாம் எதையாவது சொல்ல வாயெடுப்பார், பிறகு வாயைப் பொத்திக்கொள்வார்" என்றார் சிஸ்டர். "என்னவோ பயம்."

அண்ணன் முற்றத்தில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முடி வளர்ந்து, நரைத்து, முதுகு லேசாக வளைந்திருந்தது. என்னைப் பார்த்தார். ஓடிப்போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே தம்பி, எளைச்சுப் போயிட்டியே. ஆத்தா ஒழுங்காச் சோறு போடலையா?" என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்றோ எங்கே போனாய் என்றோ கேட்கவில்லை.

அடையாளம் எழுதிக்கொள்ளக் கூட வந்திருந்த ஆலப்புழை ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டர் அவரிடம், "தமிழ்க்காரர் யார் வந்தாலும் தம்பி என்றுதான் கூப்பிடுவார், அதை வைத்து முடிவு செய்ய முடியாது" என்றார். பிறகு என்னிடம் கேட்டார், "இது நிங்களோட சேட்டனாணோ?"

எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இல்லைங்க" என்றேன். "சாயல் இருக்கு. ஆனா இவர் எங்க அண்ணன் இல்ல."

சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை போல. அண்ணன் தோளைத் தொட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "இது உன் தம்பியா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். எந்தப் பதில் வேண்டும் என்று அதில் தேடினார். அவருக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

"இல்ல" என்றார். "என் தம்பி இல்ல."

பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

ஏட்டு கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், வேண்டாம் என்றேன். கோட்டயம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குமுளி வரைக்கும் நன்றாகத் தூங்கினேன். ஊருக்கு வந்து, ஆள் அவரில்லை என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் தோளில் கை போட்டீர்கள். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு நாள் ஆயிற்று. அவர் என் அண்ணன்தான். போய்க் கூட்டிவாருங்கள். இல்லை, அங்கேயே இருக்கட்டுமா, அதை அவரிடம் கேளுங்கள். கேட்கும்போது நான் பக்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் என் முகத்தைப் பார்ப்பார்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை, பின்னே ஏன் வந்தாய் என்று உள்ளே நுழைந்ததும் கேட்டீர்கள். முதல் தடவை செய்ததற்குக் காரணங்களை மேலே எழுதியிருக்கிறேன். மகள் கல்யாணம், மனைவியின் சிரமம், ஊர்ப்பேச்சு. படித்துப் பார்த்தால் ஒரு தகப்பன் வேறென்ன செய்வான் என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். ஏழு வருஷமாக எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் போன மாதம் அந்த முற்றத்தில் நின்றபோது அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. பாண்டீஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் நல்ல சூட்டிகை. ஜக்கம்மா இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் நான் ஒருத்தன். இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. பொழுது போனால் பேச ஆளில்லை. வா என்று சொல்லியிருந்தால் குழாயடியிலிருந்து அப்படியே ஈரக்காலோடு வந்திருப்பார். அப்போதும் நான் இல்லை என்றுதான் சொன்னேன்.

அதனால் ஐயா, மேலே உள்ள காரணங்களை அடிக்க வேண்டாம், கிடக்கட்டும். அதற்குக் கீழே இதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பாண்டீஸ்வரிக்காக இல்லை, ஜக்கம்மாவுக்காகவும் இல்லை. எனக்கு அவர் வேண்டாம் என்று இருந்தது. அவ்வளவுதான்.